தண்டல் நோட்டும் வலீமா பந்தியும்

காலை ஏழரை மணி. கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கும். இன்னும் போணி ஆகியிருக்காது. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். வந்தவர் வண்டியை விட்டு இறங்கமாட்டார். தோளில் தொங்கும் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுப்பார்.

"பாய், ரெண்டு நாளா பாக்கி நிக்குது."

"சாயங்காலம் வாங்கண்ணா, சேத்துத் தந்துடறேன்."

பக்கத்துக் கடைக்காரர் கேட்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அவரிடம் வசூலிக்கும் வண்டி எட்டு மணிக்கு வரும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் சிறுகடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் வட்டியின் கொடுமையைக் கேட்டுத் தலை குனிகிறோம். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நோட்டில் வரவு வைக்கக் காசை எண்ணிக் கொடுக்கிறோம். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

முதலில் கணக்கு. கடனைவிட நம்மவர்கள் அதிகம் பயப்படுவது கணக்குக்குத்தான்!

பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. பிடித்தம் 1,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே, தொழிலில் எடுத்துவிடலாம்" என்கிறார் வாங்குபவர். இல்லை சகோதரரே! அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில் கிட்டத்தட்டப் பாதி போய்விடுகிறது. இப்படிக் குறைந்துகொண்டே வரும் முதலுக்குக் கணக்குப் போட்டால், நீங்கள் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 120! எந்த வியாபாரத்தில் ஐயா இப்படி லாபம் வருகிறது?

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். நாள் விற்பனை 6,000 என்று வையுங்கள். நூற்றுக்குப் பத்து நின்றால் 600 ரூபாய். வாடகை, கரண்ட், கூலி எல்லாம் போக 350 மிஞ்சும். மூன்று தண்டல் ஓடினால் 300 அங்கே போய்விடும். வீட்டுக்கு 50 ரூபாய். ஐம்பது ரூபாயில் எந்தக் குடும்பம் சாப்பிடும்? எனவே கல்லாவிலிருந்து முதலை எடுக்கிறார். ரேக்கில் சரக்கு குறைகிறது. சரக்கு குறைந்த கடைக்கு வாடிக்கையாளர் வருவதில்லை. சரக்குப் போட நான்காவது தண்டல் வாங்குகிறார். "கடை நொடித்துவிட்டது" என்று பிறகு ஊர் பேசும். கடை நொடிக்கவில்லை, அதை அந்தச் சின்ன நோட்டு தின்றுவிட்டது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. "வெறும் 12 பர்சென்ட்" என்று சொல்லி ஒரு லட்சத்துக்கு பைக் கடன் தருகிறார்கள். மூன்று ஆண்டுத் தவணை. முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுக்கும் வட்டி போட்டால் 36,000. மாதம் 3,778 ரூபாய். இதிலும் முதல் மாதம் மாதம் குறைகிறது, வட்டி மட்டும் குறைவதில்லை. உண்மையான வட்டி நூற்றுக்கு 21க்கு மேல். அதை ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தால் வாசலில் புது வண்டி பளபளவென்று நிற்கும். உள்ளே தவணைப் புத்தகத்தைப் பெண் வீட்டார் யாராவது கேட்டுப் பார்த்ததுண்டா?

முகவரி தவறிய உபதேசம்

இப்படிச் சொன்னவுடன் நம் பெரியவர்கள் சிலர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். "சிக்கனமாக வாழத் தெரியவில்லை, அதனால்தான் கடன்" என்பார்கள். இங்கேதான் அவர்களோடு நமக்குச் சண்டை.

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தைப் பாருங்கள். காவிரிக்கு இந்தப் பக்கம் விசைத்தறி, அந்தப் பக்கம் ஈரோடு ஜவுளிச் சந்தை. தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அந்தக் கடன் தீரும்வரை அந்தத் தறியையே ஓட்டும் குடும்பங்கள் அங்கே காலங்காலமாக இருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். முன்பணம் போகவில்லை. அதன் மேல் குழுக் கடன் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் கந்துவட்டி. 2025 ஜூலையில் என்ன செய்தி வந்தது? கடனில் மூழ்கிய தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் பேரம் பேசிச் சிறுநீரகத்தை விற்க வைத்த செய்தி! அரசு விசாரணைக் குழு அனுப்பியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளில் சிறுநீரக மாற்று அறுவைக்கான உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. உடல் உறுப்பை விலைக்கு வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தை விற்ற அந்தத் தாய் என்ன ஆடம்பரம் செய்தாள்? எந்த மண்டபத்தில் விருந்து வைத்தாள்? கஞ்சியில் உப்பைக் குறைக்கச் சொல்லப் போகிறீர்களா அவளிடம்?

கடனில் இரண்டு சாதி உண்டு. இல்லாமையால் பட்ட கடன் ஒன்று. மருத்துவமனைச் செலவு, வேலை இல்லாத மாதம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இவற்றால் வருவது அது. ஊர் பார்க்கவேண்டும் என்பதற்காகப் பட்ட கடன் இன்னொன்று. முதல் வகைக்காரனுக்கு வேண்டியது உதவி. இரண்டாம் வகைக்காரனுக்கு வேண்டியது கண்டிப்பு. நாம் என்ன செய்கிறோம்? உதவி வேண்டியவனுக்கு உபதேசம் செய்கிறோம். கண்டிக்க வேண்டியவன் வீட்டுப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்!

பந்தி என்றவுடன் நிக்காஹ்வுக்கு வருவோம். கைக்கூலி வாங்கக் கூடாது என்று பல ஜமாஅத்துகள் தீர்மானம் போட்டிருக்கின்றன. தீர்மானம் பள்ளிவாசல் போர்டில் ஒட்டப்பட்டு மஞ்சளாகிப் போகிறது. இப்போது யாரும் கைக்கூலி என்று சொல்வதில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க" என்கிறார்கள். எவ்வளவு பண்பான வார்த்தை! பத்துப் பவுன் என்று பேசி முடித்த ஓர் அத்தாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் பவுன் 70,000ஐத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் 90,000ஐத் தாண்டியது. ஆறு மாதம் நிக்காஹ் தள்ளிப்போனதற்கு அவர் இரண்டு லட்சம் ரூபாய் அதிகம் கொடுக்கவேண்டும். எங்கிருந்து கொடுப்பார்?

அது போதாதென்று மண்டபம். 800 பேருக்கு பிரியாணி. ஆளுக்கு 250 ரூபாய் என்றாலும் அதுவே இரண்டு லட்சம். பாதித் தட்டில் சோறு மிச்சம். வசதி உள்ளவர் வைக்கிறார், அவர் பணம், நமக்கென்ன என்று கேட்கலாம். அவர் பணம்தான். ஆனால் அவர் இரண்டு வகைக் கறி வைத்தால், அதே தெருவில் தள்ளுவண்டியில் வளையல் விற்பவர் ஒரு வகையாவது வைத்தாக வேண்டும் என்று ஆகிவிடுகிறதே! மஹல்லாவின் வழக்கத்தை உண்டாக்குவது பணக்காரர்தான். தண்டல் வாங்கி அதைப் பின்பற்றுவது ஏழை. ஆகவே சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும்? கோட்டையிலும் கடைவீதியிலும் இரண்டு மாடி கட்டியிருக்கும் வீடுகளில் தொடங்கட்டும். ஜமாஅத் தலைவரின் மகள் நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்து, நூறு பேருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடியட்டும். அடுத்த மாதமே அந்தத் தெருவில் நான்கு தகப்பன்மார்கள் மூச்சு விடுவார்கள்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நாம் மேடையில் பணக்கார ஸஹாபி என்று மட்டும் அறிமுகப்படுத்துகிறோம். அன்ஸாரித் தோழர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது அதை வாங்கிக்கொள்ளாமல் சந்தைக்கு வழி கேட்டவர் அவர். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர். நிக்காஹ் முடித்தபோது, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுங்கள் என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது. ஓர் ஆடு! நாம் ஆட்டு மந்தைக்குக் கடன் வாங்குகிறோம்.

ஹதீஸின் பாதியை மறந்த கதை

கடனாளியின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் முன்நின்று தொழவைக்கத் தயங்கினார்கள் என்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அபூகத்தாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். பயான் செய்பவர்கள் இதைச் சொல்லிக் கடனாளியைப் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் அடுத்த பாதி எங்கே போனது? பின்னாளில் வெற்றிகளால் பொதுநிதியில் செல்வம் வந்தபோது, கடனோடு இறப்பவரின் கடனைத் தீர்ப்பது தம் பொறுப்பு என்று அதே நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்களே! வசதி வந்ததும் தலைமை செய்த முதல் வேலைகளில் அது ஒன்று. நம் தலைமைகளுக்கு வசதி வந்தால் மினாரா உயர்கிறது, வுளூச் செய்யும் இடத்தில் கிரானைட் பதிக்கப்படுகிறது. ஒரு தண்டல் நோட்டாவது கிழிக்கப்படுகிறதா?

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்று குர்ஆன் (9:60) தெளிவாகச் சொல்கிறது. நம் ஊர்களில் ஜகாத் எப்படிப் போகிறது? ரமலானின் கடைசிப் பத்தில் வீட்டு வாசலில் வரிசை. ஆளுக்கு ஒரு சேலை, ஒரு நூறு ரூபாய்த் தாள். ஐந்நூறு பேருக்கு இருநூறு ரூபாய் வீதம் என்றால் ஒரு லட்சம் ரூபாய். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அந்த ஐந்நூறு பேரும் பழைய நிலையில்தான் நிற்பார்கள். அதே ஒரு லட்சத்தில் மூன்று குடும்பங்களை, நோட்டு நோட்டாகக் கணக்குப் பார்த்து, தண்டலிலிருந்து அடியோடு மீட்டுவிடலாம். அடுத்த ஆண்டு அந்த மூன்று பேரில் ஒருவராவது ஃபித்ரா கொடுக்கும் நிலைக்கு வருவார். ஆனால் மூன்று பேருக்குக் கொடுத்தால் வாசலில் வரிசை நிற்காதே! யாரும் போட்டோ எடுக்கமாட்டார்களே!

"ஆடம்பரமாகச் செலவழித்துக் கடன்பட்டவனுக்கு ஜகாத்தா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதை ஆலிம்களிடம் கேளுங்கள், அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். மருத்துவமனைக் கடனோடு விதவையானவளைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

"பைத்துல்மாலில் கொடுத்த பணம் திரும்பி வராது" என்பது இன்னொரு வாதம். எழுதாமல் கொடுத்தால் வராதுதான்! கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது. அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று நாம்தான் பெருந்தன்மை காட்டுகிறோம். பிறகு பத்து வருடம் பேசாமல் இருக்கிறோம். தேவ்பந்தில் 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டைப் பாருங்கள். மக்களிடம் வட்டியில்லாச் சேமிப்பை வாங்கி, நகையை ஈடாக வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கடன் தந்தது. படிவத்துக்கும் நிர்வாகத்துக்கும் சிறு கட்டணம், அவ்வளவுதான். ஒரு சின்ன ஊர் செய்ததைச் சேலம் போன்ற ஒரு மாநகரம் செய்ய முடியாதா? நம் மாநிலத்திலேயே முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்று மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் இருக்கிறது. நாம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது. திரட்டினால்தானே தரும்?

வங்கி நம்மவர்களுக்குக் கதவைத் திறப்பதில்லை என்பது உண்மை. மக்கள்தொகையில் உள்ள பங்குக்கு ஏற்ற கடன் முஸ்லிம்களுக்குக் கிடைக்கவில்லை என்று 2006இல் சச்சார் குழுவே எழுதிவிட்டது. அதைக் கேட்டு வாங்கப் போராடுவோம். ஆனால் அந்தக் காலி இடத்தில் நுழைந்து தண்டல் விடுபவர்களில் நம் பெயர் உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதை எந்தக் குழுவிடம் சொல்லி அழுவது? ஃபைனான்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டால் வட்டி ஹலாலாகிவிடுமா?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடைசெய்த சட்டம் தமிழகத்தில் 2003இல் வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகள் உட்பட நான்கு பேர் தீயில் கருகியதும் இந்தச் சட்டம் இருக்கும்போதுதான். குழுக் கடன் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. மாலை ஏழு மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு பெண்களை மிரட்டினால், அந்த விதியைச் சொல்லிக் கேள்வி கேட்க மஹல்லாவுக்கு நான்கு இளைஞர்கள் போதாதா?

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒருவர். நாமக்கல் பக்கம் பாத்திரக் கடை. மகள் நிக்காஹ்வுக்குப் பிறகு முழுகிப் போனார். 2024இல் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதினார்கள். அவர் எழுதி முடித்தபோது 1,85,000 வந்தது. மனைவி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். அவருக்குத் தெரியாமல் எடுத்த குழுக் கடன், பாக்கி 55,000. சண்டை வரவில்லை. அவரும் மூன்றாவது தண்டலை ஒரு மாதம் மறைத்துத்தான் வைத்திருந்தார்.

மொத்தம் 2,40,000. அடகில் நான்கு பவுன், அதன் மேல் 1,10,000. தண்டல் பாக்கி 42,000, நாளுக்கு 600 கட்டிக்கொண்டிருந்தார். உறவினருக்கு 33,000. நகையை மாற்றி மாற்றி அடகு வைத்து வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு விற்றுவிடலாம் என்று சொன்னது மனைவிதான். நான்கு பவுனும் போய் இரண்டு லட்சம் வந்தது. அடகு தீர்ந்தது, தண்டல் மூன்றும் தீர்ந்தன, குழுக் கடனில் 48,000 கட்டினார்கள். மிச்சம் 40,000. ஒரே பள்ளிவாசலில் தொழும் நான்கு பேர் ஆளுக்குப் பத்தாயிரம் வட்டியில்லாமல் கொடுத்தார்கள். இரண்டு சாட்சி வைத்து எழுதிக்கொண்டார்கள். மாதம் 4,000 வீதம் பத்து மாதத்தில் முடிந்தது. தண்டலுக்கு மட்டும் மாதம் 18,000 போய்க்கொண்டிருந்த கடை அது!

வீட்டில் என்ன மாறியது என்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை என்றார். கடைப் பணம் கல்லாவில், வீட்டுப் பணம் மனைவியிடம். தினம் ஒரு தொகைதான் வீட்டுக்கு, அவரே கேட்டாலும் கல்லாவைத் திறக்கக் கூடாது. புது போன் இல்லை. ரேஷன் அரிசி 2011லிருந்து இலவசமாகக் கிடைத்தும் கௌரவம் பார்த்து வாங்காமல் இருந்தார்கள். இப்போது வாங்குகிறார்கள். "ரேஷன் கடை வரிசையில் நிற்க வெட்கப்பட்டேன், தண்டல்காரரிடம் தினம் கை கட்டி நிற்க வெட்கப்படவில்லை பாருங்கள்" என்றார்.

ஒரு கடன் மட்டும் பாக்கி நிற்கிறது. நகை மனைவியின் சொத்து, எனவே அதையும் கடனாக எழுத உட்கார்ந்தார்கள். இரண்டு லட்சம் என்று இவர் எழுதப் போனபோது, "ரூபாயில எழுதாதீங்க, நாலு பவுன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. அன்றைக்குப் பவுன் ஐம்பதாயிரத்துச் சொச்சம். இவர் இதுவரை வாங்கித் திருப்பியது அரைப் பவுன்.